கலங்கல் தண்ணீரில் கேமரா: டெல்டா கடலோர நாட்குறிப்பு

மார்ச் 9

பொறையாறு வெல்டிங் பட்டறையில் சட்டம் தயாராகிவிட்டது. இரும்புக் கம்பியில் நாலு கால், நடுவில் கேமரா உட்கார ஒரு தட்டு, முன்பக்கம் ஒன்றரை மீட்டருக்கு நீளும் பிவிசி குழாய். குழாயின் நுனியில் இரைப் பை தொங்கும். "கோழிக் கூண்டுக்கு இவ்வளவு கனமான கம்பி எதுக்கும்மா?" என்றார் பட்டறைக்காரர். கடலுக்கடியில் வைத்து என்ன மீன் வருகிறது என்று படம் பிடிக்க என்றேன். சிரித்துக்கொண்டே பில் போட்டார்.

காலையில் ஏலக் கூடத்தில் மத்தி வாங்கினேன். ஒரு தடவை இறக்க ஒரு கிலோ. விற்ற அக்காவுக்கு ஆறவே இல்லை. "காசு குடுத்து வாங்கித் திரும்பக் கடல்லயே கொட்டப்போறியா?" மத்தியில் எண்ணெய் அதிகம். நசுக்கி வலைப்பையில் கட்டினால் எண்ணெய் கசிந்து நீரோட்டத்தோடு போகும், அந்த மணத்துக்கு மீன் வரும். 2020-ல் நேச்சர் இதழில் வந்த சுறா ஆய்வுக்கு 58 நாடுகளில் 371 பவளத்திட்டுகளில் இப்படித்தான் இரை கட்டிக் கேமரா இறக்கினார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு திட்டில் ஒரு சுறாகூட வரவில்லை. அவர்கள் இறக்கியதெல்லாம் பவளத்திட்டு. நாங்கள் இறக்கப்போவது காவிரி கொண்டுவந்து போட்ட சேற்றின் மேல்.

மார்ச் 12

தரங்கம்பாடியிலிருந்து ஃபைபர் படகில் விடியுமுன் கிளம்பினோம். படகுக்கார அண்ணன், அவர் மாமனார், நான். மாமனாரை ஊரே பெரியவர் என்கிறது, நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

ஆறு பாகம் (சுமார் பதினோரு மீட்டர்) ஆழத்தில் சட்டத்தை இறக்கி மிதவை கட்டினோம். ஒரு மணி நேரம் விட வேண்டும். அதுவரை படகு விலகி நிற்க வேண்டும், இன்ஜின் சத்தம் கூடாது. அண்ணனுக்குச் சும்மா உட்காரவே தெரியாது. தூண்டில் போடட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இன்னொரு இரை இருந்தால் கணக்குக் கெட்டுவிடும் என்று கெஞ்சித் தடுத்தேன்.

ஏற்றியதும் படகிலேயே கொஞ்சம் ஓட்டிப் பார்த்தோம். பச்சை. நல்ல பாசிப்பயறு வேகவைத்த தண்ணீர் மாதிரி ஒரு பச்சை. இரைப் பையே நிழலாகத்தான் தெரிகிறது. பதினெட்டாவது நிமிடத்தில் இரண்டு கீச்சான், பிறகு மீசையை முன்னால் நீட்டிக்கொண்டு கெளுத்தி. கடைசியில் ஒரு நீலக்கால் நண்டு குழாய் வழியாக ஏறி வந்து பையைக் கொடுக்கால் கிழிக்கப் பார்த்தது. மீன்கள் எல்லாம் தள்ளி நின்றன.

மார்ச் 15

மயிலாடுதுறை அறையில் வீடியோ பார்க்கும் நாள். ஒரு மணி நேரப் பதிவுக்கு அரை நாள் போய்விடுகிறது.

எண்ணும் முறையைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரே கெளுத்தி இருபது தடவை வந்து போகும். வந்த தடவையெல்லாம் எண்ணினால் ஒரு மீன் இருபதாகிவிடும். அதனால் ஒரு வகைக்கு, எந்த ஒரு கணத்தில் அதிகம் பேர் சேர்ந்து தெரிகிறார்களோ, அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம். மேக்ஸ்என் என்று அதற்குப் பெயர். இதிலும் ஓட்டை உண்டு. ஐம்பது மீன் வரிசையில் ஒவ்வொன்றாக வந்து போனால் கணக்கில் ஒன்றுதான். இரை மணம் எவ்வளவு தூரம் போயிற்று என்பதும் தெரியாது, அது நீரோட்டத்தைப் பொறுத்தது. ஆகவே இந்தக் கடலில் ஏக்கருக்கு எத்தனை மீன் என்று யாராவது இந்த முறையை வைத்துச் சொன்னால் நம்பாதீர்கள். ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிடலாம், அவ்வளவுதான். அதற்கும் இரண்டு இடத்திலும் தண்ணீர் ஒரே தெளிவில் இருக்க வேண்டும்.

காரல் கூட்டம் ஒன்று வந்தது. வெள்ளி மின்னுகிறது, வகை பிரிக்க முடியவில்லை. கையில் இருந்தால் வாய் மேல்நோக்கி நீளுகிறதா கீழ்நோக்கியா என்று இழுத்துப் பார்க்கலாம். வீடியோவில் யார் இழுப்பது? "காரல் வகை" என்று எழுதி நகர்ந்தேன்.

மார்ச் 20

அமாவாசை ஒட்டி நீரோட்டம் பலம். சட்டம் சாய்ந்துவிட்டது. கேமரா ஒரு மணி நேரமும் மண்ணை மட்டுமே பார்த்திருக்கிறது. விதிப்படி இந்தப் பதிவு கணக்கில் சேராது.

ஆனால் முழுசாகப் பார்த்தேன், பார்த்தது நல்லதாயிற்று. கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில் மண் லேசாக மூச்சு விட்டது. இரண்டு கறுப்புப் புள்ளிகள், பக்கத்துப் பக்கத்தில். நாக்கு மீன்! உடம்பு முழுக்க மண்ணுக்குள், இரண்டு கண்ணும் ஒரே பக்கம் மேலே. செவுள் திறக்கும்போது நாலைந்து மணல் துகள் எழுந்து அடங்கும். அதன் மேலேயே ஒரு சின்ன நண்டு நடந்து போனது, அசையவில்லை. நிமிர்ந்து நிற்கும் கேமராவுக்கு இந்த மீன் ஒருநாளும் தெரியாது. இரை வைத்தால் பசித்தவன்தான் வருவான். வேட்டைக்காரனும் பொறுக்கித் தின்பவனும் வந்து நிறைவார்கள். பாசி மேய்பவனுக்கும் மண்ணில் ஒளிபவனுக்கும் நம் மத்தி பொருட்டே இல்லை.

மார்ச் 26

பெரியவர் கடலடியில் ஒரு பாரைக் காட்டினார், கல்திட்டு. ஜிபிஎஸ் இருந்தாலும் அவர் அதைப் பார்ப்பதில்லை. கோட்டை ஒரு பக்கம், மாசிலாமணிநாதர் கோயில் ஒரு பக்கம், இரண்டையும் கண்ணில் பிடித்து "இங்கதான் போடு" என்றார். ஈயக்குண்டு கட்டிய கயிறு கல்லில் தட்டியது.

இன்று தண்ணீர் நாலு மீட்டர் வரை தெளிவு. களவா ஒன்று வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்த தோரணையில் பை முன்னால் நின்றது. விளமீன், நவரை, ஓரமாக ஒரு பாரைக் குஞ்சுக் கூட்டம். பின்னணியில் அறுந்த வலை ஒன்று கல்லில் மாட்டி ஆடிக்கொண்டிருக்கிறது, அதில் சங்காட்டம் என்னவோ சிக்கியிருக்கிறது. வலையை எடுக்கலாமா என்றேன். முக்குளிக்க ஆள் வேண்டும் என்றார் அண்ணன்.

திரும்பும் வழியில் பூம்புகார் பேச்சு வந்தது. கோவாவிலிருக்கும் தேசியக் கடலியல் நிறுவனம் அங்கே 1980களிலிருந்து கடலுக்கடியில் கட்டடம் தேடியது எல்லோருக்கும் தெரியும். அதே இடத்தில் என்ன மீன் இருக்கிறது என்று கேட்டால், பதிலுக்கு மறுபடியும் பழைய ஊர்க் கதைதான் வரும்.

ஏப்ரல் 3

முத்துப்பேட்டை. ஜாம்பவானோடையிலிருந்து படகில் அலையாத்திக் காட்டுக்குள். 2018 நவம்பரில் கஜா அடித்துச் சாய்த்த மரங்களின் கட்டைகள் இன்னும் தெரிகின்றன.

தெளிவு பார்க்கும் வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்கினேன். முழங்கை ஆழத்தில் மறைந்தது. கேமராவைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. இங்கே வாய்க்கால் வெட்டி மீன் பிடிப்பவர்களிடம் போய் உட்கார்ந்தேன். கூடையில் மடவை, இறால், பெரிய கொடுவா ஒன்று. இத்தனை மீனும் இருந்தது ஒரு முழம்கூடத் தெரியாத தண்ணீரில். இந்த மாதிரி இடத்துக்குத் தண்ணீரை வடிகட்டி அதிலிருக்கும் மீன் டிஎன்ஏ பார்ப்பதுதான் வழி. இல்லையென்றால் ஒலியால் படம் பிடிக்கும் கருவி, அது எங்கள் பட்ஜெட்டில் கனவு.

ஏப்ரல் 8

இன்று பெரியவர் வீட்டுத் திண்ணையில் லேப்டாப்பை வைத்துப் பழைய பதிவுகளை ஓட்டினேன். நிறம் தெரியாத நிழலைக்கூட நீந்தும் விதம் பார்த்துச் சொல்கிறார். "இது வால ஆட்டுற ஆட்டத்தப் பாரு, கெளுத்தி. அது நேரா வந்து நேரா திரும்புது, ஷீலாக் குஞ்சு."

ஒரு பதிவில் ஒரு மணி நேரமும் பச்சை மட்டும்தான். அட்டவணையில் பூஜ்ஜியம் போட்டிருந்தேன், என் ஆய்வு வழிகாட்டி அப்படித்தான் போடச் சொல்லியிருந்தார். பெரியவர் தேதியைக் கேட்டார். "அன்னிக்கு எங்களுக்கு நல்ல பாடாச்சே பாப்பா. தண்ணி கலங்குனாத்தான் மீனுக்கு வல தெரியாது." அண்ணன் செல்போனில் ஏலக் கணக்கைத் தேடி எடுத்தார். அதே நாள், அதே பக்கம், பன்னுவலையில் கெளுத்தியும் கீச்சானும் கூடை கூடையாக.

மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடிவிடுகிறார்கள். இப்போது ஆற்றில் தண்ணீர் இல்லை. ஆனாலும் மழைக்காலத்தில் ஆறு கொண்டுவந்த வண்டல் அடியில் கிடக்கிறது; அலையும், விசைப்படகுகள் அடியோடு இழுத்துப்போகும் இழுவைமடி வலையும் அதைக் கிளறிவிடுகின்றன. அந்த வண்டலில்தான் புழுவும் இறாலும், அதைத் தின்னத்தான் மீன். என் கேமராவை மறைப்பதும் மீனைக் கூப்பிடுவதும் ஒன்றே.

இரவு வழிகாட்டியோடு போனில் சண்டை என்றே சொல்லலாம். பார்வைத் தெளிவுக்குத் தனிப் பத்தி வேண்டும், இரைப் பை தெரியாத பதிவைப் பூஜ்ஜியம் என்று எழுதக் கூடாது, "பார்க்க முடியவில்லை" என்று எழுத வேண்டும் என்றேன். மாதிரி எண்ணிக்கை குறைந்துவிடுமே என்றார். குறையட்டும். இந்தக் கரையில் மீன் இல்லை என்று அட்டவணை சொல்லி, அதை யாரோ ஒருவர் துறைமுகமோ அனல்மின் நிலையமோ கட்ட எடுத்துக் காட்டினால் யார் பதில் சொல்வது? கடைசியில் சரி என்றார், அரை மனதாக.

ஏப்ரல் 15

தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போகக் கூடாது. 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்தது. நாகப்பட்டினத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன. ஃபைபர் படகு போகலாம், அதனால் எங்களுக்கு வேலை உண்டு.

தடைக்கு முன், தடையில் என்று ஒப்பிடலாமே என்று நண்பர்கள் உற்சாகப்படுத்துகிறார்கள். ஒப்பிடலாம். ஆனால் இரண்டு மாதத்தில் களவா பெருகிவிடாது. இழுவைமடி கிளறாததால் தண்ணீர் தெளிந்தால் கேமராவில் அதிகம் மீன் தெரியும், அதை மீன் கூடிவிட்டது என்று யாராவது எழுதிவிடுவார்கள். தெளிவுப் பத்தி இப்போதுதான் உண்மையில் தேவைப்படும்.

மத்தி விலை ஏறிவிட்டது. வரத்துக் குறைவு, வாங்க ஆள் அதிகம். ஏலக்கார அக்கா இன்று கேள்வி எதுவும் கேட்கவில்லை, தனியாக இரண்டு கிலோ எடுத்து வைத்திருந்தார், விலையில் ஒரு ரூபாய் குறைக்காமல். திங்கட்கிழமை பழையாறு, கொள்ளிட முகத்துவாரத்துக்கு வெளியே. அண்ணனுக்கு அந்தப் பக்கத்துக் கடலடி எப்படி என்று தெரியாதாம். அந்த ஊரில் ஒருவரைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.