நைட்ரஜன் தீர்ந்தால்தான் கொழுக்கும் ஈஸ்ட்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. மூன்று நாள் ஷேக்கரில் ஆடிய ஃபிளாஸ்க்கிலிருந்து ஒரு துளி எடுத்து, கொழுப்பில் ஒட்டிப் பச்சையாக ஒளிரும் சாயத்தைக் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். யாரோவியா லிப்போலிட்டிகா. என் ஆராய்ச்சி முழுக்க இந்த ஈஸ்டோடுதான். நன்றாகக் கொழுத்த செல்லுக்குள் பச்சை உருண்டைகள் பட்டாணி நெற்றுப் போல அடைந்து கிடக்கும். அன்று கண்ட இடமெல்லாம் செல்கள், ஆனால் உள்ளே ஊசிமுனை அளவில் ஒன்றிரண்டு புள்ளிகள்தான்.

கை நடுங்கிவிட்டது. கொழுப்பைச் சேமிக்க உதவும் டிஜிஏ1 மரபணு கூடுதலாக வேலை செய்யும்படி அந்த ஸ்ட்ரெயினை (ஈஸ்ட் வகையை) உருவாக்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது. பிசிஆர் போட்டுப் பார்த்தேன், மரபணு பத்திரமாக இருந்தது. அப்புறம் பக்கத்து பெஞ்சு அக்காதான் அலமாரியைத் திறந்து, "ஒய்என்பி எந்த பாட்டில்ல எடுத்த?" என்று கேட்டார்.

ஒய்என்பி என்பது ஈஸ்ட் வளர்க்கும் மீடியாவுக்கான சத்துப் பொடி. எங்களிடம் அதில் இரண்டு பாட்டில்கள் இருக்கின்றன. ஒன்றில் ஈஸ்டுக்கு நைட்ரஜன் தரும் அம்மோனியம் சல்பேட் ஏற்கெனவே கலந்திருக்கும், லிட்டருக்கு 5 கிராம் கணக்கில். மற்றதில் இருக்காது, நாமே அளந்து போட வேண்டும். நான் கலந்திருந்த பாட்டிலை எடுத்து, அதன் மேல் வழக்கமான 1 கிராமையும் சேர்த்திருக்கிறேன். குளுக்கோஸ் 40 கிராம். எடைக் கணக்கில் நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 75 பங்கு இருக்க வேண்டிய மீடியாவில் சுமார் 13 பங்குதான் இருந்தது. ஈஸ்டுக்கு ஒரு குறையும் இல்லை. அதனால் பெருகிக்கொண்டே போனது, கொழுப்பு சேர்க்கவில்லை.

பாடத்தில் நூறு முறை படித்த விஷயம்தான். உலர் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ப்பதை எண்ணெய் ஈஸ்ட் என்போம். சர்க்கரை நிறைய இருந்து நைட்ரஜன் தீரும்போதுதான் அது அப்படிச் சேர்க்கும். நைட்ரஜன் தீர்ந்ததும் செல் தன்னிடம் உள்ள ஏஎம்பி மூலக்கூற்றையே உடைத்து அம்மோனியாவை எடுத்துக்கொள்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் ஐசோசிட்ரேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி ஓட அந்த ஏஎம்பி வேண்டும். அது குறைந்ததும் நொதி நின்றுவிடும், சிட்ரேட் தேங்கி மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே வழியும். அங்கே ஏடிபி சிட்ரேட் லையேஸ் என்ற நொதி காத்திருந்து அதை வெட்டி அசிட்டைல் கோஏ ஆக்குகிறது. கொழுப்பு அமிலத்துக்கு அதுதான் செங்கல். ரொட்டி ஈஸ்டுக்கு இந்த லையேஸ் மரபணுவே கிடையாது. யாரோவியாவில் இரண்டு மரபணுக்கள் சேர்ந்து அந்த நொதியைத் தருகின்றன. இந்த இடம் எனக்கு எப்போது படித்தாலும் சிலிர்க்கும்.

அதனால்தான் "கொழுப்பு மரபணு எது?" என்று யாராவது கேட்டால் ஒரே பெயராகச் சொல்ல என்னால் முடிவதில்லை. அமெரிக்காவின் எம்ஐடியில் 2013இல் யாரோவியாவில் செய்து காட்டிய வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். கொழுப்பு உருவாகும் வரிசையில் முன்னால் நின்று தள்ளும் ஏசிசி1 மரபணுவை மட்டும் கூட்டினார்கள், கொழுப்பு சுமார் இரண்டு மடங்கு ஆனது. கடைசிப் படியில் நின்று இழுத்துச் சேமிக்கும் டிஜிஏ1ஐ மட்டும் கூட்டினார்கள், நான்கு மடங்கு. இரண்டையும் கூட்டிப் பெரிய பாத்திரத்தில் வளர்த்தபோது உலர் எடையில் 60 சதவீதத்தைத் தாண்டியது. தள்ளுவதைவிட இழுப்பதற்குப் பலன் அதிகம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் டிஜிஏ1ஐ எடுத்துக்கொண்டதற்கும் அதுதான் காரணம்.

டிஜிஏ1, டிஜிஏ2, எல்ஆர்ஓ1, ஏஆர்இ1 என்ற, கொழுப்பைச் சேமிக்கும் நான்கு மரபணுக்களையும் நீக்கிவிட்டால் செல்லில் கொழுப்பு உருண்டையே உருவாகாது. இன்னொரு பக்கம், சேர்த்ததை எரித்துவிடும் பாக்ஸ் மரபணுக்கள் ஆறு. அவற்றை நீக்கினால் சேர்த்தது தங்கும்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு என் மனம் வேறிடத்தில் நிற்கிறது. இழுக்கும் மரபணுவை எவ்வளவு கூட்டினாலும், நைட்ரஜன் இருக்கிறது என்ற செய்தி செல்லுக்குள் போய்க்கொண்டே இருந்தால் என்ன பயன்? டுபாண்ட் நிறுவன ஆய்வாளர்கள் 2013இல் எஸ்என்எஃப்1 என்ற மரபணுவை யாரோவியாவில் நீக்கிப் பார்த்தார்கள். நைட்ரஜன் தீரும்வரை காத்திராமல், வளரும்போதே அது கொழுப்பு சேர்த்தது. வளர ஒரு கட்டம், கொழுக்க ஒரு கட்டம் என்று நாட்களை இரண்டாகப் பிரிக்க வேண்டாம் என்றால் தொழிலுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

என் டிஜிஏ1 ஸ்ட்ரெயினில் எஸ்என்எஃப்1ஐயும் நீக்கிவிட்டேன். நேற்று மாலை, அம்மோனியம் சல்பேட் கலந்தது என்று அக்கா சிவப்பு டேப் ஒட்டிவைத்த பாட்டிலைத் தெரிந்தே எடுத்து, அதே 1 கிராமையும் அளந்து போட்டு, பழைய ஸ்ட்ரெயினையும் புதியதையும் பக்கம் பக்கமாக 28 டிகிரியில் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை மாலை மைக்ராஸ்கோப் அறையை ஐந்து மணிக்கே பதிவு செய்தாயிற்று.