ராசிபலனும் ஏழு மடிப்பும்

ஏழாம் வகுப்பு படிக்கும் மகளின் கணக்கு நோட்டில் சிவப்பு மையில் பெரிய பெருக்கல் குறி. கணக்கு தப்பாம். போட்டது அவள், சொல்லிக் கொடுத்தது நான்.

முந்தின நாள் ராத்திரி, "2³ × 2⁴ எவ்வளவுப்பா?" என்று கேட்டாள். நடுவில்தான் பெருக்கல் குறி இருக்கிறதே! மூநான்கு பன்னிரண்டு, 2¹² என்று டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லிவிட்டேன். யார் சொன்னது என்று மிஸ் கேட்டதும், கூசாமல் காட்டிக் கொடுத்திருக்கிறாள்.

"அடிமானம், அதான் கீழ இருக்கிற 2, ஒண்ணா இருந்தா மேல குட்டியா இருக்கிற அடுக்கைக் கூட்டணும்ப்பா."

பெருக்கச் சொல்லிவிட்டுக் கூட்டு என்றால் என்ன நியாயம்? ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றேன். சனிக்கிழமை காலை, டீப்பாயில் கிடந்த பேப்பரிலிருந்து ஒரு தாளை உருவிக்கொண்டு வந்துவிட்டாள்.

"பாதியா மடிங்க." மடித்தேன். இரண்டு தாள் கனம். மறுபடி மடித்தால் நான்கு, அப்புறம் எட்டு. "இது 2³. இன்னும் நாலு தடவை மடிங்க."

16, 32, 64 வரை வண்டி ஓடியது. கடைசி மடிப்புக்குத் தாள் மசியவில்லை. முழங்காலால் அழுத்தி, பல்லைக் கடித்து, ஒரு வழியாக 128.

"மொத்தம் எத்தனை தடவை மடிச்சீங்க?"

"ஏழு."

"மூணையும் நாலையும் பெருக்கினீங்களா, கூட்டினீங்களா?"

தண்ணீர் குடித்தேன். மடிப்பைத்தான் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன், கனம் பாட்டுக்குப் பெருகியிருக்கிறது. விட மனசில்லாமல், "அம்மா துண்டை மடிக்கிற மாதிரி மூணா மடிச்சா?" என்றேன். "அப்ப அடிமானம் மூணு. ரெண்டோட சேர்த்துக் கூட்டக் கூடாது." அதற்கும் வழியில்லை.

என் விடைப்படி பார்த்தால் பன்னிரண்டு மடிப்பு, 4096 தாள் கனம். பிரிட்னி கேலிவன் என்ற அமெரிக்க மாணவி 2002இல் அதையும் செய்து காட்டியிருக்கிறார். அதற்கு அவருக்கு ஒரு கிலோமீட்டருக்கும் அதிக நீளமான டாய்லெட் பேப்பர் தேவைப்பட்டது. எங்கள் ஹாலோ பத்துக்குப் பன்னிரண்டு.

அதற்குள் வாக்கிங் போன அப்பா வந்துவிட்டார். "ராசிபலன் பக்கம் எங்கேடா?"

கையிலிருந்த கட்டியை நீட்டினேன். ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்து மேஜையில் விரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"ஜாதகத்துக்கே பன்னிரண்டு கட்டம்தாண்டா. இதுல என்ன இத்தனை கட்டம்?"

"நூத்தி இருபத்தெட்டு தாத்தா," என்றாள் மகள்.