கார்னி கேள்வியில் நான் கோட்டை விட்ட இடம்

போன வியாழக்கிழமை ரிசல்ட் வந்தது. பாஸ். பணக்கொள்கைத் தாளை (மத்திய வங்கி வட்டியை ஏற்றி இறக்குவது பற்றியது) இரண்டாவது தடவையாக எழுதியவனுக்கு அது போதும்.

ஒட்டாவாவில் எங்கள் தாளில், கனடா, இங்கிலாந்து இரண்டு மத்திய வங்கிகளுக்கும் ஆளுநராக இருந்த மார்க் கார்னி பற்றிக் கேள்வி வரும் என்று எல்லாருக்கும் தெரியும், எந்த ரூபத்தில் என்பதுதான் தெரியாது. முதல் தடவை அவர் வகித்த பதவிகளை ரயில் நிலையப் பெயர்கள் மாதிரி ஒப்பித்துவிட்டு வந்தேன். கோல்ட்மேன் சாக்ஸ் முதலீட்டு வங்கியில் 13 வருடம், 2003-ல் கனடாவின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் கனடாவில் துணை ஆளுநர், அடுத்த வருடம் நிதித் துறை, 2008 பிப்ரவரியில் ஆளுநர், 2013 ஜூலையில் பேங்க் ஆஃப் இங்கிலாந்து ஆளுநர். ஒரு தப்பும் இல்லை. 20-க்கு 7.

விடைத்தாளில் ஒரு வரியைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டம். '2010 ஜூன் முடியும்வரை வட்டி ஏறாது என்று வாக்குக் கொடுத்தார்' என்று எழுதியிருந்தேன். ஓரத்தில் பேராசிரியர்: 'பிறகு ஜூன் 1-ல் ஏன் ஏற்றினார்?'

2009 ஏப்ரல் 21 அன்று பேங்க் ஆஃப் கனடா தன் அடிப்படை வட்டியை 0.25 சதவீதத்துக்கு இறக்கி, 2010 இரண்டாம் காலாண்டு முடியும்வரை அங்கேயே வைப்பதாகச் சொன்னார்கள். ஆனால் பணவீக்கக் கணிப்பு மாறாமல் இருந்தால் மட்டும். கணிப்பு மாறியது. 2010 ஏப்ரலிலேயே அந்த வாக்குறுதியை விலக்கிக்கொண்டு, ஜூன் 1-ல் 0.5 ஆக்கினார்கள். அந்த 'இருந்தால்' என்பதைத்தான் நான் விழுங்கிவிட்டேன்.

லண்டனிலும் அதே கதை. 2013 ஆகஸ்டில் பேங்க் ஆஃப் இங்கிலாந்தில், வேலையின்மை 7 சதவீதத்துக்கு இறங்கும்வரை வட்டியை ஏற்றப் போவதில்லை என்றார்கள். 7-ஐத் தொட்ட மறுநாளே ஏற்றுவோம் என்று அதற்கு அர்த்தமில்லை. வேலையின்மை வங்கி நினைத்ததைவிட வேகமாக இறங்க, 2014 பிப்ரவரியில் அந்த வழிகாட்டலையே (வட்டி இனி எப்படிப் போகும் என்று முன்கூட்டியே சொல்வதை) மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

இந்தத் தடவை இந்த இரண்டை மட்டும் மூன்று பக்கம் எழுதினேன். மனப்பாடம் நன்றாக வருகிறவர்கள் வேறு வழி பார்க்கலாம், எனக்கு வராது.

அப்புறம் சில்லறை விஷயங்கள்:

- 2008 நிதி நெருக்கடியில் கனடா வங்கிகள் தப்பியதற்கு மொத்தப் பெருமையையும் கார்னிக்குக் கொடுக்காதீர்கள். வங்கிகள் மீதான கெடுபிடி அவர் ஆளுநராகும் முன்பே இருந்தது. நிதியமைச்சர் ஜிம் ஃப்ளாஹெர்ட்டி பெயரும் வரட்டும்.
- 2006 அக்டோபர் 31, வருமான அறக்கட்டளைகள் (லாபத்தை முதலீட்டாளர்களுக்கே பிரித்துக் கொடுத்து நிறுவன வரியைத் தவிர்த்த அமைப்புகள்) மீதான வரி அறிவிப்பு. நிதித் துறையில் அந்த வேலையைக் கவனித்தவர் கார்னி. பாதிப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.
- ப்ரூக்ஃபீல்டு முதலீட்டு நிறுவனத்தில் வேலை, 2025 மார்ச்சில் கனடா பிரதமர் பதவி: ஒரு வரி போதும்.
- கனடாவின் வடக்கே ஃபோர்ட் ஸ்மித் என்ற ஊரில் பிறந்தார் என்பதற்கு மார்க் கிடையாது. முதல் தடவை அதற்கு அரைப் பக்கம் செலவழித்தேன்.

வாய்மொழித் தேர்வில் அதே பேராசிரியர். "நிபந்தனையே இல்லாமல் சொல்லியிருந்தால்?" என்றார். நீண்டகாலக் கடன் பத்திர வட்டி இன்னும் இறங்கியிருக்கும், ஆனால் விலைவாசி ஏறியிருந்தால் வங்கியின் கை கட்டப்பட்டிருக்கும் என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.