பிஒய் 02-லிருந்து டிஎன் 50: சித்தப்பா வண்டிக்கு நம்பர் மாற்றிய கதை

கண் ஆபரேஷனுக்கு அப்புறம் காரைக்காலில் இருக்கும் என் சித்தப்பா வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். "சும்மா நின்னு துருப்புடிக்குது, நீ எடுத்துட்டுப் போடா தம்பி" என்று தன் 2016 மாடல் ஸ்ப்ளெண்டரை என்னிடம் கொடுத்தார். எனக்குப் பேரளம் பக்கம். திருநள்ளாறு, அம்பகரத்தூர் வழியாக அன்றைக்குச் சாயங்காலமே வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன். நம்பர் வந்து சேரத்தான் மூன்று மாதம் ஆனது, ஏனென்றால் காரைக்கால் புதுச்சேரியோடு சேர்ந்தது, அங்கே நம்பர் பிஒய் 02; நாங்கள் திருவாரூர் மாவட்டம், எங்களுக்கு டிஎன் 50.

தமிழ்நாட்டுக்குள்ளேயே வண்டி கைமாறினால் நம்பர் மாறாது. தஞ்சாவூர் டிஎன் 49 வண்டியைத் திருவாரூர்க்காரர் வாங்கினாலும் அது கடைசிவரை 49 தான், ஆர்.சி. புக்கில் பெயரும் முகவரியும் மட்டும் மாறும். மாநிலம் தாண்டினால்தான் புது நம்பர். வெளிமாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே பதிந்தாக வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. எங்கள் பக்கம் பிஒய் 02 வண்டிகள் ஏராளம், யார் கேட்கப்போகிறார்கள் என்று நானும் முதலில் அசட்டையாகத்தான் இருந்தேன். ஆனால் நாளைக்கு நான் எங்காவது மோதிவிட்டால், ஆர்.சி.யில் பெயர் இருக்கிற சித்தப்பாதான் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். அந்த வயதில் அவரை அப்படி அலையவிட எனக்கு மனசு வரவில்லை.

முதலில் காரைக்கால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லைச் சான்று, வாங்க வேண்டும். அங்கேதான் தெரிந்தது, வண்டிக்கு வாங்கிய கடனைக் கட்டி முடித்துப் பல வருஷமாகியும் ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர்களின் பெயர் அப்படியே இருக்கிறது. அவர்களிடம் கடன் முடிந்த கடிதமும் படிவம் 35-ம் வாங்கி, ஹெச்.பி. என்கிற அந்தக் கடன் பதிவைக் கேன்சல் செய்வதற்குள் ஒரு மாதம் போய்விட்டது. சொந்தக்காரர் வண்டியாக இருந்தாலும் சரி, கையில் வாங்குவதற்கு முன்னால் ஆர்.சி.யின் அந்த வரியைப் படித்துவிடுங்கள்.

அடுத்தது சேசிஸ் நம்பர் பென்சில் பிரிண்ட், அதாவது வண்டியின் சட்டத்தில் குத்தியிருக்கும் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுப்பது. ஸ்ப்ளெண்டரில் ஹேண்டில்பாருக்குக் கீழே, கழுத்துக் குழாயின் வலது பக்கம் எம்பிஎல் என்று தொடங்கி 17 எழுத்தும் எண்ணுமாகக் குத்தியிருப்பார்கள். கடல்காற்றில் அந்த இடம் துருவேறி, நான் எடுத்த முதல் பிரிண்டில் 3-ம் 8-ம் ஒரே மாதிரி விழுந்து திரும்பி வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் போன என் கையைத் தட்டிவிட்டார் பக்கத்து மெக்கானிக் அண்ணன். "தேய்ச்சா நம்பரையே மாத்தியிருக்கன்னு சொல்லுவாங்க தம்பி." மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடைத்து, மொத்தமான பென்சிலை எண்களின் மேல் படுக்கவைத்துத் தேய்த்து, செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி உரித்தார். அதைப் படிவத்தில் ஒட்டியதும் ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது.

என்.ஓ.சி. கிடைத்ததும் திருவாரூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ். படிவம் 27, பெயர் மாற்ற 29, 30, இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்று எல்லாம் கொடுத்து, வண்டியின் வயதுக்குத் தகுந்தபடி தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்டினேன். பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து சேசிஸ் நம்பரைப் பிரிண்டோடு ஒத்துப் பார்த்தார், அவ்வளவுதான்.

காத்திருந்த நேரத்தில் அப்பா தன் பழைய ராஜ்தூத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் மூன்று எழுத்து, மெட்ராஸ் காலத்து வண்டிகள் எம்-மில் தொடங்கும், பிறகு டி வந்தது. புது மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் மாநிலத்துக்கு இரண்டெழுத்து, அலுவலகத்துக்கு ஒரு எண், அப்புறம் வரிசை எழுத்து, கடைசியில் நான்கு இலக்கம் வரை எண் என்ற இன்றைய அமைப்பு. அலுவலக எண் நாகப்பட்டினத்துக்கு 51, கும்பகோணத்துக்கு 68, மயிலாடுதுறைக்கு 82. வரிசை எழுத்தில் ஐ (I), ஓ (O) இரண்டையும் விட்டுவிடுவார்கள், 1, 0 என்று குழம்பும் என்பதால். ஜி (G) அரசு வாகனங்களுக்கு, என் (N) அரசு பஸ்களுக்கு. கும்பகோணம் பஸ்ஸில் டிஎன் 68 என் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள்.

புது நம்பரோடு ஸ்டிக்கர் கடைக்குப் போனால், "தமிழ்ல போட்டுரலாமா தம்பி?" என்றார் கடைக்காரர். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஆங்கில எழுத்தும் 1, 2, 3 என்ற எண்களும்தான் இருக்க வேண்டும் என்பது விதி. பைக்குக்குப் பின்பக்கம் எழுத்து 35 மில்லிமீட்டர், எண் 40, முன்பக்கம் எல்லாமே 30. வெள்ளையில் கறுப்பு. அப்படியே அளவு சொல்லி எழுதி வாங்கினேன்.

நம்பர் மாறியதும் இன்சூரன்ஸிலும் பெயரையும் புது எண்ணையும் மாற்றச் சொல்லி உடனே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பாலிசியில் ஒரு நம்பர், வண்டியில் ஒரு நம்பர் என்று இருந்தால் கிளெய்ம் கேட்கும்போது சிக்கல். நான் ஆர்.சி. வந்த மறுநாளே மாற்றிவிட்டேன்.