மூணு அங்குலம்

காலையில தண்டையார்பேட்டை அக்கா வீட்டு பாத்ரூம் வாசலை டேப் வெச்சு அளந்தேன். ரெண்டு அடி.

அக்காவோட சக்கர நாற்காலி ரெண்டே கால் அடி.

அந்த மூணு அங்குலத்துக்காக தினமும் வாசல்லயே இறங்கி, தரையில கையை ஊணி நகர்ந்து உள்ள போறாங்க. உள்ளங்கை காய்ச்சுப்போயிருக்கு. "பழகிடுச்சுடா"ங்கறாங்க.

எனக்குப் பழகல.

தரைத்தளம்தான். வாசல்ல சாய்தளமும் உண்டு. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேணும், இங்க நாலடியில முடிச்சுட்டாங்க. யாராவது தள்ளினாத்தான் ஏறும். மழை பெய்ஞ்சா அதுவும் வழுக்கும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வீட்டுத் திட்டங்கள்ல 5 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதுலயும் பெண்களுக்கு முன்னுரிமை. நல்ல சட்டம். ஆனா கிடைக்கிற வீட்டுக்குள்ள புழங்க முடியணுமே?

90 சென்டிமீட்டர் கதவு. நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடம். கழிப்பறைச் சுவர்ல பிடிச்சு எழுந்திருக்க ஒரு கம்பி. கட்டும்போதே செஞ்சா சின்ன வேலை. அப்புறம்னா சுவரையே இடிக்கணும்.

எங்க பக்கம் பழைய குடியிருப்பை இடிச்சுட்டுப் புதுசா கட்டப் போறாங்க. நாளைக்கு அக்காவையே கூட்டிட்டுப் போய் வரைபடத்தைக் கேட்கப் போறேன்.

டேப்பைப் பையில எடுத்து வெச்சுட்டேன்.