மோய் ரிவர் சரிவில் படுத்திருந்த மான்

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மான் வேட்டைக்காக வில்லோடு, விடிவதற்கு வெகுநேரம் முன்பே தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து புறப்பட்டு, பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஹோவிக் ஆகிய ஊர்களைக் கடந்து, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் மேட்டு நிலத்தை நோக்கி ஏறி வந்தபோது, மோய் ரிவரைச் சுற்றியுள்ள புல்வெளி முழுவதும் உறைபனி படிந்து வெளுத்துக் கிடந்தது. டர்பனில் குளிர்காலம் ஒரு முழுக்கைச் சட்டையோடு அடங்கிவிடும். கடல்மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேலே இருக்கும் இந்த ஊரிலோ காரின் கதவைத் திறந்த மாத்திரத்தில் மூக்கு நுனி மரத்துப்போனது. மேற்கே டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடர் தெரிந்தது. ஜூலு மக்கள் அதை ‘உக்கஹ்லாம்பா’, அதாவது ஈட்டிகளாலான அரண் என்கிறார்கள். அதிகாலையில் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் காரணம் விளங்கும்.

பண்ணையில் அண்ணன் காத்திருந்தார். 1860ஆம் ஆண்டு முதல் கரும்புத் தோட்ட வேலைக்காகச் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கப்பலேறி வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் வழிவந்தவர் அவர். ஆங்கிலமும் ஜூலுவும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. தமிழ் சற்றுத் தயங்கித்தான் வரும் என்றாலும் என்னிடம் தமிழைத் தவிர வேறு மொழியில் பேசமாட்டார். தடம் பார்ப்பதில் அந்தப் பண்ணையிலேயே மூத்தவரான ஜூலுப் பெரியவர் எங்களோடு வந்தார். அவரை எல்லோரையும் போல நானும் ‘பாபா’ என்றே அழைப்பேன்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் மான் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை, அது சரியானதே. தென்னாப்பிரிக்காவில், நில உரிமையாளரின் எழுத்துமூல அனுமதியோடு, தனியார் பண்ணைகளில் வில் வேட்டை சட்டப்படி நடக்கிறது. நான் தேடிச் சென்ற ஃபாலோ மான் இந்த மண்ணுக்கு உரியதும் அன்று. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர்கள் கொண்டுவந்து விட்ட இனம் அது. கோடையில் நம் புள்ளிமானைப் போலவே வெண்புள்ளிகளோடு இருக்கும். குளிர்காலத்தில் புள்ளிகள் மங்கி, உடல் பழுப்பேறிவிடும். ஆணின் கொம்பு மட்டும் நம் மானுடையதைப் போல் கிளைத்துப் போகாமல், விரித்த உள்ளங்கையைப் போல மேலே அகன்றிருக்கும்.

எட்டேகால் மணியளவில் எதிர்க்குன்றிலிருந்து தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த பாபா, ஒன்றும் சொல்லாமல் என் முழங்கையைத் தொட்டார். சுமார் 400 மீட்டர் தொலைவில், கிழக்கு நோக்கிய சரிவில், காய்ந்த சிவப்புப் புல்லுக்கு மேலே இரண்டு உள்ளங்கைகள் தெரிந்தன. ஏப்ரல், மே மாதங்களில் இணைசேரும் பருவம் முடிந்து களைத்துப்போன ஆண் மான், இளவெயிலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

உடனே கிளம்பிவிடத் துடித்தேன். பாபா என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தி, “உமோயா” என்றார். ஜூலுவில் உமோயா என்றால் காற்று. படுத்திருக்கும் மான் இடத்தை ஏனோதானோவென்று தேர்ந்தெடுப்பதில்லை. அதன் முகம் கீழே பள்ளத்தாக்கை நோக்கியிருந்தது; இரவின் குளிர்ந்த காற்று அதன் முதுகுப் பக்கமாக மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஆகவே கீழ்ப்பக்கத்தைக் கண்ணாலும் மேல்பக்கத்தை மூக்காலும் அது காவல் காத்தது. அந்த நேரத்தில் எந்தப் பக்கம் போனாலும் மாட்டிக்கொள்வோம். ஆனால் வெயில் ஏறிச் சரிவு சூடாகிவிட்டால் காற்று திரும்பி மேல்நோக்கி ஓடும்; அப்போது மேல்பக்கக் காவல் தானாகவே விழுந்துவிடும். அந்தத் திருப்பத்துக்காக ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். காற்றின் திசையைப் பார்க்கச் சிறு புட்டியிலிருந்து நான் ஊதிவிட்ட வெள்ளை மாவு ஒன்பதரை மணிக்குத்தான் முதன்முதலாகத் தயங்கி, சுழன்று, மேலே போனது.

குன்றைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக ஏறி, மானுக்கு மேலே 130 மீட்டர் தொலைவில் காலணிகளைக் கழற்றி வைத்தேன். இரட்டைக் காலுறையோடு இறங்கத் தொடங்கினேன். ஒவ்வோர் அடியையும் குதிகாலை ஊன்றாமல், பாதத்தின் வெளி விளிம்பால் மண்ணைத் தடவிப் பார்த்து, சருகு இல்லை என்று தெரிந்த பிறகே எடையை இறக்கினேன். மான் மெல்லும்போது நகர்ந்தேன். மெல்லுவதை நிறுத்தினால் நானும் நின்றேன். ஒருமுறை அதன் இடது காது மட்டும் என் பக்கமாகத் திரும்பி நின்றபோது, ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. ஒரு மணி நேரத்துக்குப் பின், 24 மீட்டரில் இருந்த ஒரு பாறையை அடைந்தேன். அங்கிருந்து அதன் கழுத்தில் அசைக்கவளம் ஓர் உருண்டையாக ஏறி வருவதும், ஐம்பது அறுபது முறை மென்றபின் மீண்டும் இறங்குவதும் தெளிவாகத் தெரிந்தன.

அங்கேயே எய்திருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சென்ற ஆண்டு நான் அப்படித்தான் எய்தேன். படுத்திருக்கும் மானின் மார்புக்கூடு புல்லுக்குள் தாழ்ந்து, முன்னங்கால் மடிந்து மறைத்திருப்பதால், நுரையீரல் எங்கே இருக்கிறது என்று கண் தவறாகக் கணித்துவிடுகிறது. என் அம்பு நெஞ்சுக்குக் கீழே முடியை மட்டும் மழித்துக்கொண்டு போயிற்று, மான் பிழைத்தது. இரண்டு விரல் மேலே பட்டிருந்தால் காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து செத்திருக்கும் என்ற நினைப்பு பல நாள் என்னைத் தூங்கவிடவில்லை. ஆகவே இம்முறை, அது தானாக எழும்வரை வில்லை இழுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். கல்லை எறிவது, சீழ்க்கை அடிப்பது போன்ற தந்திரங்களும் எனக்கு உடன்பாடில்லை. திடுக்கிட்டு எழும் மான் நாணொலிக்கே துள்ளிவிடும்.

நாற்பது நிமிடங்கள் கழிந்தன. தொடை மரத்துப்போய், வியர்வை முதுகில் ஆறிக் குளிர்ந்தது. பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அது எழுந்தது. மாடு எழுவதைப் போலவே முதலில் பின்பக்கம் உயர்ந்தது. தலை தாழ்ந்திருந்த அந்தக் கணத்தில் நான் நாணை முழுதாக இழுத்துவிட்டேன். 60 பவுண்டு இழுவிசை கொண்ட, கப்பிகள் பொருத்திய வில் அது; கப்பிகள் உருண்டு முடிந்த பின் விரலில் நிற்பது ஏறத்தாழ 12 பவுண்டு மட்டுமே என்பதால், மான் சோம்பல் முறித்து, முதுகை வளைத்து, பக்கவாட்டில் திரும்பும்வரை பிடித்திருக்க முடிந்தது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, மேலிருந்து எய்வதால் அம்பு வெளியேறும் இடத்தையும் மனத்தில் கணக்கிட்டு, விட்டேன்.

ஈரத் துணியை அடித்தாற்போன்ற ஓர் ஒலி கேட்டது. மான் கீழ்நோக்கிப் பாய்ந்து புல்லுக்குள் மறைந்தது. அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கை நடுக்கம் அதற்குள் அடங்கவில்லை. பாபா வந்ததும் இருவரும் மான் படுத்திருந்த இடத்துக்கு இறங்கினோம். அம்பு ஊடுருவிப்போய் மண்ணில் குத்தி நின்றது. அருகே புல்லின் மீது இளஞ்சிவப்பு நுரையாக இரத்தம் இருந்ததைக் கண்டு, நுரையீரல் என்று பாபா தம் மார்பைத் தொட்டுக் காட்டினார். 60 மீட்டருக்குள், தீத்தடுப்புக்காக எரித்துவிடப்பட்டிருந்த கரிய பட்டையின் ஓரத்தில் அது கிடந்தது. கண்ணைத் தொட்டுப் பார்த்து, உயிர் போயிருந்ததை உறுதிசெய்துகொண்ட பிறகு, அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மகிழ்ச்சியும் துக்கமும் ஒன்றாகவே இருந்தன.

ஒரு முன்னந்தொடையைப் பாபா வீட்டுக்கு எடுத்துச் சென்றார். ஈரலை அன்றிரவே அண்ணி மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தார். பின்தொடைகளை நீளநீளமாக அறுத்து, வினிகரும் உப்பும் வறுத்துப் பொடித்த கொத்தமல்லி விதையும் பூசி, பில்டாங் என்னும் உலர்த்திய இறைச்சிக்காக அண்ணன் தாழ்வாரத்தில் கொக்கிகளில் மாட்டினார். ஐந்தாம் நாள் தொலைபேசியில் அழைத்தார்.

“நடுவுல இன்னும் ஈரம் இருக்கு தம்பி. அடுத்த சனிக்கிழமை வாங்க, அப்ப இறக்கலாம்.”