தரைவீட்டு வாசலில் ஒரு தானியங்கிக் கதவு

சிங்கப்பூர்வாசிகளில் நான்கில் மூவருக்கும் அதிகமானோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகளில் வசிப்பதால், வாசல் கதவு மோட்டாரைச் சீர்செய்யும் வேலை இங்கு குடியேறும் பலருக்கு வாய்ப்பதேயில்லை. உட்லண்ட்ஸில் இருந்தவரை எங்களுக்கும் அப்படித்தான். ஊரிலிருந்து வரும் பெற்றோர் தங்க வசதியாக இருக்கட்டும் என்று சிராங்கூன் பக்கம் ஒரு பழைய தரைவீட்டை வாடகைக்கு எடுத்தோம். இத்தகைய வீடுகளில் காருக்கென்று மூடிய அறை இருப்பது அரிது; கூரை வேய்ந்த முன்வாசலில் காரை நிறுத்திவிட்டு, தெருவோரத்து இரும்புக் கதவை ரிமோட்டால் மூடிவிடுவதே வழக்கம்.

எங்கள் கதவு பாதி தூரம் மூடி, ஏதோ நினைவுக்கு வந்ததைப்போல் பின்வாங்கத் தொடங்கியது. "விசையைக் கொஞ்சம் கூட்டிடுங்க தம்பி, சரியாயிடும்" என்றார் வீட்டுக்காரர். அதில் எனக்கு உடன்பாடில்லை. வழியில் தடை தட்டுப்பட்டால் திரும்பிப் போவதுதான் அந்த மோட்டாருக்குள்ள பாதுகாப்பு. விசையைக் கூட்டினால், நிதானமாக நடக்கும் என் அம்மா குறுக்கே வந்தாலும் அது எளிதில் நிற்காது.

ஆகவே மின்சாரத்தை அணைத்து, சாவியைத் திருப்பி மோட்டாரிலிருந்து கதவை விடுவித்து, கையால் தள்ளிப் பார்த்தேன். ஓரிடத்தில் மட்டும் கனத்தது. தெருவோரத் தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகளும் பிசுபிசுப்பான காய்களும் மழையில் ஊறித் தண்டவாளப் பள்ளத்தில் களிமண்ணாக இறுகியிருந்தன. அதைச் சுரண்டிக் கழுவியதும் கதவு ஒரு விரலுக்கே நகர்ந்தது. தண்டவாளத்தில் கிரீஸ் தடவக் கூடாது. மணலும் சருகும் அதில் ஒட்டிக்கொண்டு மீண்டும் தொல்லை தரும். மோட்டாரின் பல்சக்கரத்துக்கும் கதவின் பல்சட்டத்துக்கும் இடையே ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். இல்லாவிட்டால் கதவின் பாரம் முழுவதும் மோட்டார் மீது இறங்கும்.

அதன் பிறகுதான் மோட்டாரின் மூடியைத் திறந்தேன். மின்பலகையின் ஓரத்தில் எறும்புகள் வெள்ளை முட்டைகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன! அவற்றைத் தூரிகையால் அப்புறப்படுத்தி, கதவு மூடி நிற்கும் எல்லையைக் காட்டும் காந்தத்தைச் சற்றே நகர்த்தி, விசைத் திருகை, கதவு தடையின்றி ஓடப் போதுமான மிகக் குறைந்த அளவில் வைத்தேன். குறுக்கே ஒரு மரக்கட்டையை நிறுத்திச் சோதித்தபோது, கதவு அதைத் தொட்டதும் திரும்பியது.

ஆண்டில் 160 நாட்களுக்கும் மேல் இடி முழங்கும் ஊர் இது. மின்னலால் ஏறும் மின்னழுத்தம் இத்தகைய மின்பலகைகளை எளிதில் கருக்கிவிடும் என்பதால், மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்று அவசியம். ஆனால் 230 வோல்ட் நிலையான கம்பியிணைப்பில் நாமே கை வைக்கலாகாது. அதற்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதைத் தரைவீடு தேடுவோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேட்டு எழுதி வாங்குவது நல்லது. சிறு பழுதுகளை வாடகைதாரர் தலையில் கட்டும் விதி பெரும்பாலும் அதில் இருக்கும்.